அவள் சாப்பிடாத மாத்திரை

"என் மனைவி மேல எனக்குத் துளிகூடச் சந்தேகம் கிடையாது மேடம்."

உள்ளே வந்ததிலிருந்து அந்தக் கணவன் இதை மூன்றாவது முறையாகச் சொன்னான்.

இன்ஸ்பெக்டரம்மா தலையாட்டினார். காக்கிச் சட்டையைக் கழற்றிப் பல வருடங்கள் ஆகியும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. டயர் கடைக்கு மேலே, ரப்பர் வாசனை படியேறி வரும் இந்த ஒற்றை அறையில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறார். அவருடைய உதவியாளனை எல்லோரும் ரேடியோ என்று கூப்பிடுவார்கள். ஏன் என்பது அவன் வாயைத் திறந்ததும் புரிந்துவிடும். அணைக்கிற பொத்தான் எங்கே என்பதுதான் இதுவரை யாருக்கும் தெரியாது.

"வேற யாராவதா இருந்தா அன்னிக்கே பொண்டாட்டியைத் துரத்திவிட்டிருப்பான். நான் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கூட நிக்கறேன்," என்றான் கணவன்.

"உங்களைப் பத்தி நீங்களே இவ்வளவு நல்லா சொல்லிட்டா நாங்க விசாரிச்சு என்னத்தைக் கண்டுபிடிக்கறது சார்?" என்றான் ரேடியோ.

இன்ஸ்பெக்டரம்மா ஒரு பார்வை பார்த்தார். ரேடியோவின் ஒலி கொஞ்சம் குறைந்தது.

கணவன் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து நேராக வந்திருந்தான். கழுத்தில் அடையாள அட்டை: பெயர், பதவி, ரத்த வகை ஓ பாசிட்டிவ், பல வருடங்களுக்கு முந்தைய புகைப்படம். பக்கத்தில் அவன் மனைவி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கைப்பையை மடியில் இரண்டு கைகளாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

கதையை அவன்தான் சொன்னான். கல்யாணமாகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. பித்தப்பையில் கல் என்று அறுவை சிகிச்சைக்குப் போனாள். அதற்கு முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹெச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. உடனே அவனும் பரிசோதனை செய்துகொண்டான். அவனுக்கு இல்லை.

"அப்புறம்தான் எங்களுக்குப் புரிஞ்சுது. பள்ளிக்கூட வேன் டிரைவர். போன் பேசிக்கிட்டே வண்டி ஓட்டறான்னு இவ பிரின்சிபால்கிட்ட சொல்லிக்கொடுத்தா. அந்தக் கோபம். ஒருநாள் வேன்ல இறங்கும்போது இவ கையில ஏதோ சுருக்குன்னு குத்தியிருக்கு. திரும்பிப் பாத்தா அவன் நிக்கறான். அவனுக்கு அந்த வியாதி இருக்குன்னு அப்புறம் தெரிய வந்துச்சு. தன் ரத்தத்தையே ஊசியில எடுத்து வேணும்னே குத்தியிருக்கான். போலீஸ் பிடிச்சு உள்ள வச்சிருக்கு. ஆனா ஊசியைக் கண்டுபிடிக்க முடியல, பாத்த சாட்சியும் இல்ல. அதை நீங்கதான் தேடித் தரணும்."

"அவருக்கு வியாதி இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சவங்க சொன்னாங்க."

இன்ஸ்பெக்டரம்மா டீச்சரின் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன நினைக்கறீங்கம்மா?"

கணவன் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் பேசிவிட்டாள். "எனக்கு யார்னு உறுதியாத் தெரியணும். அந்த ஆளுதான்னா, ஒரு புகாருக்காக இப்படிச் செய்வியான்னு அவர் முகத்தைப் பாத்துக் கேக்கணும். அவர் இல்லன்னா, அவரை வெளிய விடணும்."

கணவன் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தான். "இவ மனசு அப்படி மேடம்."

*

சிறையின் பார்வையாளர் அறையில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வேன் டிரைவர் உட்கார்ந்தார். சட்டைக் காலர் தேய்ந்திருந்தாலும் மேல் பொத்தான் வரை போட்டிருந்தார்.

"போன் பேசினேன். அது நிஜம். அன்னிக்கு என் பொண்ணுக்குக் காய்ச்சல். டீச்சர் புகார் கொடுத்தாங்க, திட்டு வாங்கினேன், அதோட முடிஞ்சுது. அதுக்குப் போய் ஒரு உயிர்ல கை வைப்பேனா மேடம்?"

"அவங்க கையில குத்தினது எது?"

"சீட்டுக் கம்பி. மூணாவது வரிசையில மெத்தை கிழிஞ்சு கம்பி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும். மாத்திக் கொடுங்கன்னு கேட்டுக் கேட்டு என் வாய்தான் வலிச்சுது. இப்பவும் போய்ப் பாருங்க, அப்படியேதான் இருக்கும்."

ரேடியோ பின்பக்கத்தைத் தடவிக்கொண்டான். "பாத்தாச்சு அண்ணே. உக்காந்தே பாத்துட்டேன்."

டிரைவர் சிரிக்கவில்லை. "எனக்கு வியாதி இருக்கறது என் பொண்டாட்டிக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். தெரிஞ்ச நாள்லேர்ந்து ஒரு வேளை மாத்திரைகூட விட்டதில்ல. ரத்தத்துல தேடினாக்கூடக் கிருமி தென்படலன்னு டாக்டர் சொல்றாங்க. என் சம்சாரத்துக்கு ஒண்ணுமில்ல, குழந்தைக்கும் ஒண்ணுமில்ல. இவ்வளவு ஜாக்கிரதையா இருந்தவன், ஊசியைத் தூக்கிக்கிட்டு அலைவேனா?" அவர் குரல் இறங்கியது. "போலீஸ் எங்க தெருவுல வந்து சத்தமா சொல்லிட்டாங்க. என் பொண்ணு வாசல்ல நின்னுக்கிட்டிருந்தா."

*

தடயவியல் ஆய்வுக்கூடத்தின் டாக்டர் ஒரு வெந்நீர்ப் பிளாஸ்க்கைக் கட்டிக்கொண்டு வாழ்கிறவர். இன்ஸ்பெக்டரம்மாவுக்குப் போலீஸ் வேலையில் இருந்த காலத்திலிருந்தே பழக்கமானவர். வழக்கை விசாரிக்கும் அதிகாரியும் ஒரு காலத்தில் இன்ஸ்பெக்டரம்மாவுக்குக் கீழே வேலை பார்த்தவர் என்பதால் அனுமதி சுலபமாகக் கிடைத்தது.

"டீச்சரோட கிருமியையும் டிரைவரோட கிருமியையும் ஒப்பிட்டாச்சு. டிரைவர் ரத்தத்துல இப்போ கிருமி தென்படல. சிகிச்சை தொடங்கினப்போ எடுத்த ரத்தம் ஆஸ்பத்திரியில பத்திரமா இருந்துச்சு. அதை வாங்கிப் பாத்தோம்," என்றார் டாக்டர்.

"கிருமியில எப்படி சார் இவருது அவங்களுதுன்னு ஒப்பிடறது? முகஜாடை பாப்பீங்களா?"

"கிட்டத்தட்ட அதான். இந்தக் கிருமி தன்னைத்தானே நகல் எடுத்துக்கிட்டே இருக்கும். எடுக்கும்போது பிழை விடும். ஒருத்தர்கிட்டேர்ந்து இன்னொருத்தருக்குப் போகும்போது அந்தப் பிழைகளும் கூடவே போகும்."

ரேடியோவின் முகம் மலர்ந்தது. "பரீட்சையில காப்பியடிச்சவனைப் பிடிக்கற மாதிரி! சரியான விடையை வச்சுப் பிடிக்க முடியாது. ரெண்டு பேரும் ஒரே இடத்துல ஒரே தப்பைப் பண்ணியிருந்தா மாட்டினான். எனக்குச் சொந்த அனுபவம் உண்டு."

"உன் வாயிலேர்ந்தும் ஒரு உருப்படியான வார்த்தை வருது பாரு," என்றார் டாக்டர். "அதேதான். இவங்க ரெண்டு பேர் கிருமியிலயும் இருக்கறது வேற வேற பிழைகள். ரெண்டுக்கும் எந்தச் சொந்தமும் இல்ல. டிரைவர்கிட்டேர்ந்து டீச்சருக்கு வரவே இல்லைன்னு தைரியமா சொல்லலாம்."

இன்ஸ்பெக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "அப்போ யார்கிட்டேர்ந்து வந்துச்சு?"

"அது எனக்குத் தெரியாது. ஆனா விசித்திரமா ஒண்ணு இருக்கு." டாக்டர் வெந்நீரை ஒரு மடக்கு குடித்தார். "டீச்சரோட கிருமி ஒரு மாத்திரைக்குப் பழகிப்போயிருக்கு. முன்னாடி நிறையப் பேருக்குக் கொடுத்துக்கிட்டிருந்த மாத்திரை. அதைச் சாப்பிட்டுட்டு நடுவுல நிறுத்தற உடம்புலதான் கிருமிக்கு இந்த மாதிரி பழக்கம் வரும்."

"டீச்சர் இன்னும் சிகிச்சையே ஆரம்பிக்கலையே!"

"ஆரம்பிக்கல. இந்த வகை மாத்திரையை அவங்க கண்ணாலகூடப் பாத்திருக்க மாட்டாங்க. டிரைவர் சாப்பிடறதும் இது இல்ல, வேற. அவங்க சாப்பிடாத மாத்திரையை அவங்க உடம்புல இருக்கற கிருமிக்குத் தெரிஞ்சிருக்கு."

"அப்படின்னா அந்தப் பழக்கத்தோட வேற உடம்புலேர்ந்து வந்திருக்கு," என்றார் இன்ஸ்பெக்டரம்மா மெதுவாக. "தனக்கு வியாதி இருக்குன்னு தெரிஞ்ச ஒருத்தர். சிகிச்சை எடுத்துக்கிட்டவர். அதை நிறுத்தினவர்."

"அநேகமா. நிறுத்தாம ஒழுங்கா சாப்பிட்டிருந்தா, கூட வாழறவங்களுக்குப் பரவியிருக்கவே பரவியிருக்காது."

*

டீச்சரின் வீட்டுக் கதவைத் திறந்தது அவளுடைய நாத்தனார். தனியார் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலை. பணி முடிந்து வந்த சீருடையோடு, கழுத்து அட்டையைக்கூடக் கழற்றாமல், துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நாங்க காலேஜ்ல ஒரே பெஞ்ச். தன் அண்ணனுக்கு என்னைப் பேசி முடிச்சதே இவதான். இப்பவும் அண்ணின்னு கூப்பிட வராது, ஏய்தான்," என்று டீச்சர் அறிமுகப்படுத்தினாள். வாரக்கணக்கில் சிரிக்காத முகம் அதைச் சொல்லும்போது கொஞ்சம் தெளிந்தது.

"தனியாப் பேசணும்," என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

"இவ இருக்கட்டும் மேடம். இவகிட்ட மறைக்க என்கிட்ட ஒண்ணும் கிடையாது."

"சரி, நேரா கேக்கறேன். கோவிச்சுக்காதீங்க. உங்க வாழ்க்கையில வேற ஆண் யாராவது?"

மடித்த துணியை நாத்தனார் கட்டிலில் வீசினாள். "இவளைப் போய் இப்படிக் கேக்க உங்களுக்கு எப்படி மேடம் மனசு வருது? இவ யாருன்னு எனக்குத் தெரியும்!"

டீச்சர் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "யாரும் இல்ல மேடம். முன்னாடியும் இல்ல, இப்பவும் இல்ல. கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னாடி ரத்ததானம்கூடப் பண்ணினேன். சோதிச்சுப் பாத்து ஏத்துக்கிட்டாங்க."

"உங்க வீட்டுக்காரர் பரிசோதனை?"

"இவதான் ரத்தம் எடுத்தா. நான் பக்கத்துலயே நின்னேன். அவர் கையில ஊசி குத்தினதை என் கண்ணால பாத்தேன். அப்போ நான் வேண்டிக்கிட்டது ஒண்ணே ஒண்ணுதான், என்னால அவருக்கு எதுவும் வந்திருக்கக் கூடாதுன்னு."

நாத்தனார் குனிந்து, வீசிய துணியை எடுத்து மறுபடி மடித்தாள். "போலீசும் அந்த ரத்தத்தைத்தான் கேட்டு வாங்கிட்டுப் போனாங்க. சீல் வச்ச குழாய்," என்றாள்.

படி இறங்கும்போது ரேடியோ மறுபடியும் ஒலிபரப்பைத் தொடங்கினான். "அண்ணனும் தங்கச்சியும் பொறக்கும்போதே கழுத்துல அட்டையோட பொறந்திருப்பாங்க போல மேடம். அம்மா அப்பாவுக்குப் பேர் வைக்கற வேலை மிச்சம், ரத்த வகைகூட அச்சடிச்சே வந்திருக்கும். அண்ணன் ஓ, தங்கச்சி ஏ..."

இன்ஸ்பெக்டரம்மா படியில் அப்படியே நின்றுவிட்டார். "இன்னொரு தடவை சொல்லு."

"அண்ணன் ஓ பாசிட்டிவ். தங்கச்சி ஏ பாசிட்டிவ். ஏன் மேடம், கூடப்பொறந்தவங்களுக்கு வேற வேற வகை இருக்கக் கூடாதா?"

"தாராளமா இருக்கலாம். அந்தச் சீல் வச்ச குழாயில என்ன வகை இருக்கு?"

ஆய்வுக்கூடத்து டாக்டர் தொலைபேசியில் தயங்கினார். அந்த ரத்தத்தில் ஹெச்.ஐ.வி. இருக்கிறதா என்று மட்டும்தான் காவல்துறை கேட்டிருந்தது. இல்லை என்று பதில் கொடுத்துவிட்டார். வகையை யாரும் கேட்கவில்லை.

"இப்போ நான் கேக்கறேன்," என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

அடுத்த நாள் அலுவலகத்தில் தொலைபேசி ஒலித்தது. ரேடியோதான் எடுத்தான். கேட்டான். வாயைப் பிளந்தான்.

"ஏ பாசிட்டிவாம் மேடம். அட்டையில தப்பா அச்சடிக்கறது சகஜம்தான்னு டாக்டர் இன்னொண்ணையும் சேத்துப் பாத்திருக்காரு." ரிசீவரைக் கீழே வைத்தான். "அந்தக் குழாயில இருக்கறது ஆம்பளை ரத்தமே இல்லையாம்."

*

டீச்சரிடம் சொல்லும் வேலையை இன்ஸ்பெக்டரம்மா யாரிடமும் விடவில்லை. சமையலறை மேடையில் சாய்ந்து நின்று அவள் முழுவதையும் கேட்டாள். அழுவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவள் அடுப்பை அணைத்தாள், செருப்பைப் போட்டாள்.

"போலீஸ் போறதுக்கு முன்னாடி நான் அவளைப் பாக்கணும்."

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் அறை மதிய வேளையில் காலியாக இருந்தது. நாத்தனார் சிவப்பு, ஊதா மூடி போட்ட குழாய்களைத் தாங்கியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ரேடியோ உள்ளே போய்ச் சட்டைக் கையை மடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான்.

"எனக்கும் கொஞ்சம் எடுங்க. ஆனா எங்க முதலாளியம்மா ரத்தத்துல என் பேரை ஒட்டிடாதீங்க. அப்புறம் அவங்க கோபமெல்லாம் எனக்கு வந்துடும்."

அவள் நிமிர்ந்தாள். கதவருகே இன்ஸ்பெக்டரம்மா. அவருக்குப் பின்னால் டீச்சர். கையிலிருந்த குழாய் தாங்கியின் விளிம்பில் பட்டுச் சாய்ந்தது.

"போலீசுக்குப் போன குழாயில இருக்கறது ஒரு பொண்ணோட ரத்தம். ஏ பாசிட்டிவ்," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "இன்னும் ஒரு சோதனை பண்ணினா அது யாரோடதுன்னே தெரிஞ்சிடும். பண்ணச் சொல்லட்டுமா?"

அவள் பொய் சொல்ல முயன்றாள். டீச்சரின் முகத்தைப் பார்த்த பிறகு அந்த முயற்சியை விட்டுவிட்டாள்.

"ஊசியை அண்ணன் கையிலதான் குத்தினேன். நீ பாத்தியே. நீ அந்தப் பக்கம் போனதும் என் ரத்தத்தை எடுத்து அந்த லேபிளை ஒட்டினேன். வேற யார்கிட்ட கேக்க முடியும்? கேட்டா எதுக்குன்னு கேப்பாங்க."

"டிரைவருக்கு வியாதி இருக்கற விஷயம்?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டரம்மா.

"அவர் ஒரு தடவை இங்க டெஸ்டுக்கு வந்திருந்தாரு. நான் பாத்தேன்."

டீச்சர் ஒரு அடி முன்னால் வந்தாள். "என் வீட்டுக்காரருக்கு எவ்வளவு நாளா இருக்கு?"

"உன்னைப் பாக்கறதுக்கு ரொம்ப முன்னாடிலேர்ந்து."

"உனக்குத் தெரியும்."

"தெரியும்."

ரேடியோ மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டு எழுந்து ஓரமாக நின்றான்.

"அவர் உன்னை மிரட்டினாரா?" என்றாள் டீச்சர். "அண்ணன் சொல்றான்னு பயந்துகிட்டுச் செஞ்சியா? அப்படின்னா சொல்லு. உனக்காக நான் பேசறேன்."

அந்த நேரத்திலும் அவள் தோழியைக் காப்பாற்ற ஒரு வழி தேடியது இன்ஸ்பெக்டரம்மாவுக்கே தாங்கவில்லை. இந்த இடம் வரை அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார். திட்டம் அண்ணனுடையது, தங்கை அவன் கைப்பாவை.

நாத்தனார் தலையை அசைத்தாள். "அண்ணன் உன்கிட்ட சொல்லிடறேன்னுதான் சொன்னான். நிச்சயம் பண்றதுக்கு முந்தின வாரம். நான்தான் வேண்டாம்னேன். சொன்னா எவ ஒத்துக்குவா? அவன் காலம் முழுக்கத் தனியா நிக்கணுமா? கல்யாணத்துக்கு அப்புறம் வீட்டுல மாத்திரை டப்பா இருந்தா நீ எடுத்துப் பாத்துடுவே, என்னன்னு கேப்பே. அதனால கொஞ்ச நாள் நிறுத்தி வைன்னு நான்தான் சொன்னேன். தெம்பாத்தானே இருக்கான், ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்."

"ஒண்ணும் ஆகாதா?" டீச்சரின் குரல் முதல் முறையாக உடைந்தது. "நீ தினமும் இந்த ரத்தத்துக்கு நடுவுலதானடி நிக்கறே. அந்த மாத்திரையைச் சாப்பிட்டிருந்தா எனக்கு வந்திருக்காதுன்னு உனக்குத் தெரியாதா? ஒரு டப்பாவை என் கண்ணுல படாம வைக்கறதுக்காக, என்னையே..."

"அண்ணன் மறுபடி மாத்திரை ஆரம்பிச்சுட்டான், உனக்குத் தெரிய வந்த அன்னிக்கே. ஆபீஸ்ல வச்சுச் சாப்பிடறான்..."

"நான் அதைக் கேக்கல. எத்தனையோ பொண்ணுங்க இருந்தாங்களே. ஏன்டி என்னைத் தேர்ந்தெடுத்தே?"

நாத்தனார் தரையைப் பார்த்தபடி நிஜத்தைச் சொன்னாள். அது அவள் சொன்ன எல்லாப் பொய்யையும்விட மோசமாக இருந்தது.

"உனக்கு யாரையும் சந்தேகப்படத் தெரியாது. அதான்."

*

அன்று சாயங்காலம் கணவன் வீட்டுக்கு வந்தபோது வாசலில் காவல்துறை வண்டி நின்றது. டீச்சர் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவன் அவள் முன்னால் முழங்காலிட்டு, "நான் உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்," என்றான்.

"என்னிக்கு?" என்றாள் அவள்.

அவன் கண்கள் வாசலில் நின்ற வண்டியின் பக்கம் போயின.

"சொல்லாம விட்டதைக்கூட விடுங்க. எனக்கு வந்திருக்குன்னு தெரிஞ்ச அன்னிக்கு, உங்களுக்கும் வந்திருக்குமோன்னு நான் அழுதேன். நீங்க என் தலையைத் தடவி, எதுவா இருந்தாலும் உன்னை விடமாட்டேன்னு சொன்னீங்க. அந்தக் கையை எப்படிங்க என் தலையில வச்சீங்க?"

அவன் அவள் கையைப் பிடிக்க வந்தான். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நீதிபதி முன்னிலையில் அவனுக்குப் புதிதாக ரத்தம் எடுத்தார்கள். மறுபடி சாப்பிட்ட பழைய மாத்திரை பலிக்காததால் கிருமி அதில் தென்பட்டது. ஒப்பிட்டுப் பார்த்ததில் டீச்சரின் கிருமியில் இருந்த அதே பிழைகள், பழைய மாத்திரைக்குப் பழகின அதே தடயம். டாக்டர் நீதிமன்றத்திலும் அளந்துதான் பேசினார். இரண்டு கிருமிகளும் நெருங்கிய உறவு என்பதை மட்டும்தான் விஞ்ஞானம் சொல்லும், யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று அது தனியாக நின்று சொல்லாது என்றார். கல்யாணத்துக்கு முன்னால் அவள் ரத்தம் சுத்தமாக இருந்ததும், அவனுக்குப் பல வருடமாகச் சிகிச்சை கொடுத்த மருத்துவர் வந்து சாட்சி சொன்னதும் மிச்சத்தைச் சொல்லிவிட்டன. தங்கை தன் வாக்குமூலத்தில் எதையும் மாற்றவில்லை.

அந்த வழக்கு நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன்பே டிரைவரை விடுதலை செய்திருந்தார்கள். அன்று இன்ஸ்பெக்டரம்மாவின் பழைய கார் சிறை வாசலில் நின்றது. பின் இருக்கையில் டீச்சரும் இருந்தாள். அவளைப் பார்த்ததும் டிரைவர் ஏறாமல் நின்றார்.

"உங்க பேரை நான் சொல்லல," என்றாள் அவள். "ஆனா அவங்க சொன்னப்போ நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். மன்னிப்புக் கேக்க வந்திருக்கேன்."

அவர் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். ரேடியோ கதவைச் சாத்தி, "சீட்டுக் கம்பியெல்லாம் சோதிச்சாச்சு அண்ணே, தைரியமா சாயலாம்," என்றான். டிரைவரின் மீசை லேசாக அசைந்ததோ என்னவோ.

பாதி வழியில், முன்னால் பார்த்தபடியே கேட்டார். "மாத்திரை ஆரம்பிச்சாச்சா டீச்சர்?"

"ஆரம்பிச்சுட்டேன். பழைய மாத்திரை என் கிருமிகிட்ட பலிக்காதாம். வேற கொடுத்திருக்காங்க."

"கொஞ்ச நாள் தூக்கம் சரியா வராது. அப்புறம் பழகிடும். பயந்து விட்டுடாதீங்க."

தெருமுனை வந்ததும் அவர் வண்டியை நிறுத்தச் சொன்னார். "இங்கேயே இறங்கிக்கறேன். உள்ள வர வேண்டாம். எல்லாரும் பாப்பாங்க."

தெரு முழுக்க ஆட்கள் இருந்தார்கள். தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் குடத்தை நிமிர்த்தினார்கள். மாடியில் துணி உலர்த்தியவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தாள். சைக்கிள் கடைக்காரர் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். டிரைவர் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடக்கத் தொடங்கினார்.

காரின் பின் கதவு திறந்தது. டீச்சர் இறங்கி, எட்டு வைத்து நடந்து அவரோடு சேர்ந்துகொண்டாள்.

"நீங்க எதுக்கு டீச்சர்? வேண்டாம், போங்க. உங்களைப் பத்தியும் பேசுவாங்க."

"பேசட்டும்."

அவர் வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. அவர் மனைவி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு மகள். டீச்சர் அந்த மனைவியைப் பார்த்துத்தான் பேசினாள். ஆனால் கடைசி பெஞ்ச் வரைக்கும் கேட்கும்படி பேசிப் பழகிய குரல் அது.

"உங்க வீட்டுக்காரர் எந்தத் தப்பும் செய்யலம்மா. எனக்கு அந்த வியாதி வந்தது என் புருஷன்கிட்டேர்ந்து. நான்தான் அந்த டீச்சர்."